நடுவில் கட்டை இல்லாத இரண்டு சுரங்கள்

"ரெண்டு பேர் தோளோடு தோள் நின்னு, ரெண்டு வேற சுரத்தைப் பன்னிரண்டு எண்ணிக்கை விடாமப் பிடிக்கணும். முடிய மாட்டேங்குது, டீச்சர். என்ன வழி?"

கிளாட்சன் மாஸ்டர் இதைக் கேட்டது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போயிருந்தார்கள்.

ரூபி டீச்சர் கரும்பலகையில் இருந்த பின்னக் கணக்கை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தொன்பது. நகரத்துப் பெரிய ஆலயத்தில் இருபத்தாறு வருடமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவர். பாட்டு எழுதி, நான்கு குரலுக்கும் எட்டுக் குரலுக்கும் பிரித்து இசையமைக்கவும் தெரிந்தவர்.

டீச்சருக்கு நாற்பத்திரண்டு. தேரிவிளை என்கிற செம்மண் ஊரில் கணக்கு ஆசிரியை. ஊர்க் கோயிலில் இருபத்திரண்டு பேரைச் சேர்த்து ஒரு பாடகர் குழு வைத்திருந்தார். தையல்காரர், அங்கன்வாடி ஆயா, பஸ் கண்டக்டர், மீன் விற்கிறவள் என்று கிடைத்தவர்களைச் சேர்த்த குழு. போன வருடம் சென்னையில் ஒரு கச்சேரிக்கு அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அதை யாரோ போனில் பதிவு செய்து, அது கைமாறிக் கைமாறி மாஸ்டரிடம் வந்து சேர்ந்தது.

அதில் இரண்டு பெண்குரல்கள் உரசிக்கொண்டே வழுக்காமல் நிற்கிற ஒரு இடம். அரை நிமிடம்கூட இருக்காது. மாஸ்டர் அதை நாற்பது தடவை கேட்டார். பிறகு இரண்டு பஸ் மாறித் தேரிவிளைக்கு வந்துவிட்டார்.

"எந்த ரெண்டு சுரம்?" என்று கேட்டார் டீச்சர்.

"மி. ஃபா."

ஆர்மோனியத்தில் அவை அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள். நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. தனியாகக் கேட்டால் இரண்டும் நல்ல சுரங்கள். ஒன்றாகக் கேட்டால் பல் கூசும்.

"எதுக்கு அந்த ரெண்டையும் சேர்த்து எழுதினீங்க?"

"ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் கச்சேரிக்கு ஒரு புதுப் பாட்டு. மொத்தப் பாட்டுக்கும் ஒரே வார்த்தைதான். 'இன்னும்'. ஒருத்தன் ஆண்டவர்கிட்ட கேள்வி கேட்டுட்டுப் பதில் வராம நிக்கிறான். அந்த இடத்துல இனிப்பா ஒண்ணை வச்சா அது பொய், டீச்சர்."

டீச்சர் இப்போது திரும்பினார்.

"என்னெல்லாம் செஞ்சு பார்த்தீங்க?"

"ஆல்டோ பாடுற பொம்பளைங்களை ரெண்டாப் பிரிச்சு தனித்தனியாப் பழக்கினேன். தனியா நல்லாப் பாடுறாங்க. சேர்த்தா நாலாவது எண்ணிக்கையில எல்லாரும் ஒரே சுரத்துக்கு வழுக்கிடுறாங்க. காதுல பஞ்சு வைக்கச் சொன்னேன். பஞ்சு வச்சவங்க ரெண்டு சுரத்தையும் விட்டுட்டு மூணாவதா ஒண்ணுக்குப் போயிட்டாங்க. பாதிப் பேரைக் கோயிலோட இந்தப் பக்கம், பாதிப் பேரை அந்தப் பக்கம் நிறுத்தினேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஆனா ரெண்டு ஊர்ல ரெண்டு பேர் பாடுற மாதிரி இருந்துச்சு."

டீச்சர் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்க, மாஸ்டர்."

"வழி கேட்டேனே."

"வந்து கேளுங்க."

*

கோயிலுக்குப் பின்னால், ஓய்வுநாள் பள்ளி நடக்கிற அறையில் பயிற்சி. ஆர்கன் இல்லை, கீபோர்டு இல்லை. டீச்சர் வாயால் ஒரு சுரம் கொடுத்தார். அதிலிருந்து மற்றவர்கள் தங்கள் தங்கள் சுரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் தன் பாட்டை நகல் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவருடைய குழு ஆறு வாரமாகப் பயின்ற பக்கத்தை இவர்கள் ஒரு மணி நேரத்தில் பாடினார்கள். அழகாகப் பாடினார்கள் என்று சொல்ல முடியாது. தையல்காரருக்கு மேல் சுரத்தில் குரல் கரகரத்தது. ஆயாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு அரைக்கணம் தாமதம்.

பிறகு அந்த இடம் வந்தது.

ஆல்டோவில் ஆறு பெண்கள். டீச்சர் இடது கையால் நாலு பேரை நிறுத்தினார். நடுவில் இரண்டு பேர் மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. ஒருத்தி மி. ஒருத்தி ஃபா. தோளோடு தோள்.

பன்னிரண்டு எண்ணிக்கை முடிந்தது. டீச்சர் கையை இறக்கவில்லை.

பதினைந்து. பதினெட்டு.

இறுக்கிக் கட்டிய கம்பி ஒன்று அறைக்குள் அதிர்கிற மாதிரி இருந்தது. மாஸ்டருக்கு முழங்கை வரைக்கும் மயிர் சிலிர்த்தது. இருபதில் டீச்சர் கையை இறக்கினார்.

இரண்டு பெண்களும் வாயை மூடினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருத்தி பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தாள். மற்றவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"யாரு அவங்க?" மாஸ்டர் பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம் கேட்டார். தங்கையா என்று பெயர். பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிறவர்.

"மூத்தவங்க கனகலீலா. இளையவங்க வயலட். ஓரகத்திங்க. அண்ணன் தம்பியக் கட்டுனவங்க."

"அதான் குரல் இப்படி ஒட்டியிருக்கா?"

தங்கையா சிரித்தார்.

"ஒட்டவா? பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு, மாஸ்டர். ஒரே வீடு. நடுவுல சுவர் எழுப்பிட்டாங்க."

"பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்களே."

"டீச்சர் நிறுத்துன இடம். ரெண்டு பேரும் மாறலை."

மாஸ்டர் மெல்லத் தலையை ஆட்டினார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. டீச்சரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். திரும்புகிற பஸ்ஸில் குறிப்பேட்டை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

பகை.

*

அவருடைய குழுவில் பகைக்குக் குறைவில்லை. நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலையாக இருந்தது.

ஸ்டெல்லா பல் டாக்டர். பிரமிளா ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிக்குரல் யாருக்கு என்பதில் இருவருக்கும் மனஸ்தாபம். அன்றிலிருந்து ஒருத்தி உட்கார்ந்த வரிசையில் மற்றவள் உட்காருவதில்லை.

மாஸ்டர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். மற்றவர்களை நிறுத்திவிட்டு இவர்களை மட்டும் பாடச் சொன்னார்.

முதல் இரண்டு எண்ணிக்கை பிரமாதமாக இருந்தது.

மூன்றில் ஸ்டெல்லா குரலை ஏற்றினாள். நான்கில் பிரமிளா அதற்கு மேல் ஏற்றினாள். ஆறில் அது பாட்டாக இல்லை. எட்டில் பிரமிளா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்னை வச்சு என்ன சோதனை பண்றீங்க, மாஸ்டர்?"

மாஸ்டர் தன் தாளைப் புரட்டினார்.

பிரமிளா போய்விட்டாள். மறு வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. இருபத்தெட்டுப் பேர் இருந்த குழு இருபத்தேழு ஆனது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். அதில் பதினோரு பேர் ஒரே மாதத்தில் போனவர்கள். எல்லாரும் இளவட்டம், பாதிப் பேர் டெனர் என்கிற ஆண் மேல்குரல் பாடுகிறவர்கள். அழைத்துக்கொண்டு போனவன் மாஸ்டரின் மகன் ஆல்வின்.

"இந்தப் பாட்டெல்லாம் யாருக்குப்பா புரியும்?" என்று அவன் கேட்டான். நகரத்தின் மறு கோடியில், டிரம்ஸும் கிட்டாரும் வைத்துப் பாடுகிற ஒரு சபைக்குப் போனான். அங்கே கீபோர்டு வாசிக்கிறான். கல்யாணமாகித் தனியாக இருக்கிறான்.

மாஸ்டர் அவனிடம் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அவன் போன் செய்தால் எடுத்து மனைவியிடம் கொடுத்துவிடுவார். சபை இருக்கிற தெரு வழியாகப் போனால் மார்க்கெட்டுக்குக் குறுக்குவழி. அவர் சுற்றிக்கொண்டு போவார்.

*

"பகை போதலை, டீச்சர்."

ரூபி டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினார். மறுபடியும் அதே வகுப்பறை. இந்தத் தடவை பலகையில் ஒரு முக்கோணம் இருந்தது.

"பகைன்னு யாரு சொன்னது?"

"நீங்கதானே காட்டினீங்க."

"நான் ரெண்டு பேர் பாடுறதைக் காட்டினேன்."

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். பிரமிளா கேட்ட கேள்வியையும் மறைக்காமல் சொன்னார். டீச்சர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"கனகலீலாக்கா வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வாங்க."

"தண்ணி இங்கேயே இருக்கே." மாஸ்டர் மூலையில் இருந்த குடத்தைக் காட்டினார்.

"அங்க போய்க் குடிங்க."

*

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே இரண்டு வாசல். நடுக்கூடத்தை வெட்டிக்கொண்டு ஒரு செங்கல் சுவர். கனகலீலாவின் பக்கம் அது பூசப்படவே இல்லை.

தண்ணீர் கேட்டார். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லி, தேநீரும் போட்டாள். மாஸ்டருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"எதுக்கும்மா பேச்சு நின்னுச்சு?"

அவள் கோபப்படவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

"எம் மவளுக்குச் சின்னப் பிள்ளையில வலிப்பு வந்துச்சு. அப்புறம் வரல. நல்ல எடத்துல கேட்டு வந்தாவ. நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ளைக்க அம்மா அடுக்களைக்கு வந்து எம் ஓரகத்தி இவகிட்ட கேட்டிருக்கா, பொண்ணுக்குச் சீக்கு ஏதும் உண்டுமான்னு. இவ சொல்லிட்டா."

"அப்புறம்?"

"மோதிரம் மாத்துததுக்கு முந்தி எந்திச்சுப் போயிட்டாவ. மவ கோயம்புத்தூர்ல நர்ஸா இருக்கா. கல்யாணமே வேண்டாம்னுட்டா."

"அவங்க சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல, ஐயா. நாந்தான் சொல்லணும்னு இருந்தேன். மோதிரம் மாத்துததுக்கு முந்தி அந்த அம்மாவத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டே இருந்தேன். எம் பிள்ளையப் பத்தி எம் வாயாலதான வரணும்?"

"அதுக்கு அவங்க என்ன சொல்றாங்க?"

"கேட்டவங்ககிட்ட நான் பொய் சொல்லணுமாக்கும்னு கேட்டா. அன்னைக்குக் கேட்டதுதான். கடைசிப் பேச்சு."

"யார் பக்கம் சரி?"

அவள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

கனகலீலாவின் விரல் ஒன்று மேசைமேல் மடங்கியது. இன்னொரு விசில். இன்னொரு விரல். மூன்றாவது விசிலுக்குப் பிறகு கொஞ்சம் பொறுத்தாள். நாலாவது வரவில்லை.

"பருப்பு," என்றாள்.

மாஸ்டர் தேநீரைக் கீழே வைத்தார்.

"கறின்னா அஞ்சு வைப்பா. மூணு வாரமா பருப்புதான். கொழுந்தனுக்கு மேலுக்கு முடியலன்னு நெனைக்கேன்." அவள் தலையைச் சற்றுச் சாய்த்தாள். அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். "இவளுக்கும் சளி கட்டியிருக்கு. நாளைக்குக் கோயில்ல மூச்சு எட்டாது. நான் கொஞ்சம் பதனமாப் பாடணும்."

"நீங்க எதுக்குக் குறைக்கணும்?"

"அவ சுரம் அமுங்கிரப்பிடாதுல்லா. அது அமுங்கிட்டுன்னா நான் எதை வச்சு நிக்க?"

மாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

"பேசுறதே இல்லைன்னு சொன்னாங்க."

"பேசுததில்ல. கேக்கப்பிடாதுன்னு யாரும் சொல்லலயே."

அவர் வெளியே வந்தபோது அடுத்த வாசலில் வயலட் நின்றிருந்தாள். கையில் முறம். இவருக்காகத்தான் காத்திருந்தாள் என்று தெரிந்தது.

"அக்கா என்ன சொல்லியிருப்பாவன்னு எனக்குத் தெரியும். கூட்டியோ குறைச்சோ சொல்லியிருக்க மாட்டாவ." ஒரு இருமல் வந்தது. அது முடிகிற வரைக்கும் பொறுத்துவிட்டுச் சொன்னாள். "ஆனா ஐயா, நான் சொன்னது நெசம். இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

அவர் பதிலுக்கு நிற்காமல் அவள் உள்ளே போய்விட்டாள்.

*

"குடிச்சீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"குடிச்சேன்."

வெளியே வாட்ச்மேன் ஒவ்வொரு வகுப்பாகப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"அவங்க ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி வைக்க நீங்க முயற்சி செய்யலையா?"

"ரெண்டு வருஷம் செஞ்சேன்."

"அப்புறம்?"

"ரெண்டும் சரியான சுரம், மாஸ்டர். எதை மாத்தச் சொல்ல?"

மாஸ்டர் தன் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் தோளோடு தோள் நின்றார்.

"நான் ஃபா பிடிக்கிறேன். நீங்க மி பிடிங்க."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருடமாகப் பாடுகிறவர். இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். பழக்கத்தில் வலது கை எழுந்து காதை மூடியது.

ஐந்தாவது எண்ணிக்கையில் அவர் ஃபாவில் இருந்தார்.

"தொண்டை சரியில்ல," என்றார்.

"இன்னொரு தடவை."

இப்போது காதை இன்னும் இறுக்கி மூடினார். கண்ணையும் மூடிக்கொண்டார். ஆறு வரைக்கும் போனது. அதற்குப் பிறகு அவர் பாடியது மியும் இல்லை, ஃபாவும் இல்லை.

"இன்னொரு தடவை," என்றார் டீச்சர்.

கை மறுபடி எழுந்தது. டீச்சர் அதை மணிக்கட்டில் பிடித்தார். சின்னப் பிள்ளையின் கையிலிருந்து எதையோ வாங்கி வைப்பது போல இறக்கி, மேசைமேல் வைத்தார். பிடியை விடவில்லை.

இப்போது டீச்சரின் சுரம் முழுசாக வந்து அவர் காதில் விழுந்தது. பல் கூசியது. அந்தச் சுரத்துக்கு ஒரு ஓரம் இருப்பது தெரிந்தது. அது எங்கே முடிகிறது என்று தெரிந்தது. அதற்குக் கீழே, ஒரு நூல் இடைவெளியில், தன்னுடையது இருப்பதும் கேட்டது.

பத்து எண்ணிக்கை. பன்னிரண்டு.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

"இப்ப எப்படி நின்னீங்க?"

மாஸ்டர் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"தெரியல, டீச்சர்."

"சரி."

டீச்சர் அவர் கையை விட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். அடுத்த நோட்டை எடுத்தார்.

"கடைசி பஸ் அஞ்சே காலுக்கு, மாஸ்டர்."

*

ஊருக்குப் போனதும் அவர் முதலில் பிரமிளா வீட்டுக்குப் போனார்.

"உங்களை வச்சுச் சோதனைதான் பண்ணினேன். தப்பு," என்றார்.

பிரமிளா அவரைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தாள். பிறகு உட்காரச் சொன்னாள். காபி கொடுத்தாள்.

"மன்னிச்சிட்டேன், மாஸ்டர். ஆனா திரும்ப வரமாட்டேன்."

"சரிம்மா."

பயிற்சியை மாற்றினார். மி பாடுகிறவர்கள் ஒரு வாரம் முழுக்க ஃபாவை மட்டும் பாடினார்கள். ஃபா பாடுகிறவர்கள் மியை. பிறகு அவரவர் சுரத்துக்குத் திரும்பினார்கள். காதில் இருந்த கைகளை அவரே போய் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார். ஸ்டெல்லா சொன்னாள், "இது முன்னைவிடக் கஷ்டமா இருக்கு, மாஸ்டர்." ஆமாம் என்றார்.

கச்சேரி நாளன்று அந்தச் சேர்க்கை ஒன்பது எண்ணிக்கை நின்றது. பத்தாவதில் யாரோ வழுக்கினார்கள். அவ்வளவு பேர் கூடியிருந்த ஆலயத்தில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது.

கச்சேரி முடிந்து வாசலில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் நல்லா இருந்துச்சு, மாஸ்டர். நடுவுல ஒரு இடத்துல பொம்பளைங்க தப்பாப் பாடிட்டாங்களோ?"

"இல்லை," என்றார். "அப்படித்தான் அது."

மறுநாள் மத்தியானம் பதிவை டீச்சருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தார். சாப்பாட்டு இடைவேளை. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"ஒன்பது, டீச்சர்."

"கேட்டேன். நல்லா இருக்கு." பிறகு கேட்டார், "உங்க டெனர் ஏன் இவ்வளவு மெலிசா இருக்கு?"

"ஆள் இல்லை. மூணு வருஷத்துக்கு முந்திப் போயிட்டாங்க."

"எங்க?"

"எம் பையன் கூட. வேற சபைக்கு."

"அங்க என்ன பாடுறாங்க?"

"தெரியாது."

"மூணு வருஷமாவா?"

"அந்தத் தெரு வழியா நான் போறதில்லை, டீச்சர்."

பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ யார்மேலோ பிராது சொன்னார்கள்.

"சரி, மாஸ்டர். மணி அடிக்குது," என்றார் டீச்சர். வைத்துவிட்டார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாஸ்டர் சட்டையை மாட்டினார். எங்கே என்று மனைவி ஹெலன் கேட்டாள். மார்க்கெட் பக்கம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் கிடையாது. முப்பத்திரண்டு வருடம் அவரோடு குடித்தனம் நடத்திய ஹெலன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஆல்வினின் சபை தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நாலு மணிக்குத் தொடங்கினார்கள். டிரம்ஸ் தகரத்தில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. வார்த்தைகள் அதில் மூழ்கிப்போயின. மூன்று பாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே மெட்டு. ஆல்வின் கீபோர்டில் ஓட்டமாக ஓடினான். பொறுமை இல்லை. அவனுக்கு எட்டு வயதிலும் அது இல்லை.

முன்னால் அவருடைய பழைய டெனர் பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்குத் தாடி வந்திருந்தது. ஒருத்தனுக்கு வயிறு. முன்பு அவருடைய குழுவில் பெண்களின் மேல்குரலான சோப்ரானோ பாடிய ஒருத்தி மைக்கைப் பிடித்திருந்தாள். அவள் மூச்சு எடுக்கிற இடங்கள் சரியாக இருந்தன. அவை அவர் சொல்லிக்கொடுத்த இடங்கள்.

நாலாவது பாட்டில் டிரம்ஸ் ஓய்ந்தது. கீபோர்டு மட்டும் கேட்டது. கொட்டகையில் இருந்த இருநூறு பேரும் மெல்லப் பாடினார்கள். யாரும் யாருக்கும் சுரம் கொடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் மார்க்கெட்டில் அவர் பார்த்திருந்த காய்கறிக்காரி. அவள் சுருதி விலகிப் பாடினாள். அழுதுகொண்டே பாடினாள். மாஸ்டர் அவள் குரலைக் கேட்டார். ஆல்வினின் இடது கை அவளுக்கும் மற்ற எல்லாருக்கும் கீழே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. அதையும் கேட்டார்.

கடைசி ஜெபம் வரைக்கும் இருந்தார்.

கூட்டம் கலைந்தபோது ஆல்வின் வந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு நாற்காலி தள்ளி நின்றான்.

"அம்மாவுக்கு ஏதும்..."

"அம்மா நல்லா இருக்கா."

அவன் மூச்சு விட்டான். நாற்காலிகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். நாலைந்து அடுக்கிய பிறகு, திரும்பாமல் கேட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

"பிடிக்கல," என்றார் மாஸ்டர்.

ஆல்வின் தலையை ஆட்டினான். அடுத்த நாற்காலியை எடுத்தான்.

"அடுத்த வாரமும் நாலு மணிக்குத்தானே?" என்று கேட்டார்.